வாரியத் தலைவர் நியமனத்தை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக முடியுமா?

தொண்டிப் பக்கம் இறால் பண்ணைக் கழிவுநீரோடு மல்லுக்கட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அமைச்சர் தனக்கு வேண்டியவரையே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவராக்கினால் என்ன செய்வது?

தாராளமாக கோர்ட்டுக்குப் போகலாம். தலைவருக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பில் தனி அறிவோ நடைமுறை அனுபவமோ, இல்லையென்றால் அந்தத் துறை நிறுவனங்களை நிர்வகிப்பதில் அறிவும் அனுபவமுமோ வேண்டும் என்கிறது 1974 நீர் (மாசுத் தடுப்பு) சட்டத்தின் 4ஆம் பிரிவு. அது இல்லாதவரை உட்கார வைத்தால், 'எந்த அதிகாரத்தில் இந்தப் பதவியில் இருக்கிறீர்கள்' என்று கேட்கும் கோ வாரண்டோ மனுவை உயர் நீதிமன்றத்தில் போடலாம், அதற்கு நீங்கள் நேரடியாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டியதுகூட இல்லை. 2017இல் டெச்சி டாகி தாரா வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்த வழியைக் காட்டியது, ஆறு மாதத்தில் நியமன விதிகளை வகுக்கவும் மாநிலங்களுக்குச் சொன்னது.

ஆனால் தகுதியுள்ள இருவரில் யாரை எடுப்பது என்பதில் கோர்ட் பொதுவாகத் தலையிடாது. அதனால் மனுவில் 'அமைச்சரின் கட்சிக்காரர்' என்று மட்டும் எழுதாதீர்கள். முதலில் ஆர்டிஐ போட்டு நியமன அரசாணையையும் அவருடைய தகுதி விவரத்தையும் வாங்குங்கள்.