கார்பன் கிரெடிட் தரநிலையின் நிர்வாகத்தை எதை வைத்து மதிப்பிடுவது?

கேள்வி: எங்கள் நிறுவனம் ஒரு தன்னார்வத் தரநிலையின் (சட்டக் கட்டாயமின்றி, தனி அமைப்பு ஒன்று வகுத்து நடத்தும் விதித்தொகுப்பின்) கீழ் பதிவான கார்பன் கிரெடிட்டுகளை வாங்கத் திட்டமிட்டுள்ளது. தமது நிர்வாகம் சுதந்திரமானது என்று அந்த அமைப்பு கூறுகிறது. அதை நாங்கள் எவ்வாறு சரிபார்ப்பது?

பதில்: முதலில் அந்த அமைப்பின் கட்டண அட்டவணையை வாங்கிப் படியுங்கள், இயக்குநர்களின் பெயர்ப்பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயுவுக்கு இணையான உமிழ்வு தவிர்க்கப்பட்டதற்கோ உறிஞ்சப்பட்டதற்கோ தரப்படும் சான்று. வெளியிடும் கிரெடிட் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் பெறுவதே பல தரநிலை அமைப்புகளின் முக்கிய வருவாய் என்பதால், தாராளமாக வெளியிட்டால் வருமானம் கூடும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வேறு வழியில் இத்தகைய அமைப்பை நடத்துவது கடினம். ஆனால் ஒரு திட்டத்துக்கு எத்தனை கிரெடிட் என்று கணக்கிடும் விதியை எழுதுபவரும், வெளியீட்டுக்கு ஒப்புதல் தருபவரும், வரவு செலவுக்குப் பொறுப்பானவரும் ஒருவரே என்றால் சுதந்திரம் என்ற சொல்லுக்கு அங்கே பொருளில்லை.

தணிக்கையிலும் இதே சிக்கல் உண்டு. திட்டத்தை ஆய்வு செய்யும் நிறுவனத்தைப் பொதுவாகத் திட்ட உரிமையாளரே தேர்ந்தெடுக்கிறார், ஊதியமும் அவரே தருகிறார். அங்கீகாரச் சான்று, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தணிக்கையாளரை மாற்றுவது, தவறு செய்தவரை இடைநிறுத்தும் அதிகாரம் ஆகியவைதாம் இதற்குக் கடிவாளம். கடந்த 3 ஆண்டுகளில் எத்தனை திட்டங்களை நிராகரித்தீர்கள், எத்தனை தணிக்கையாளர்களை இடைநிறுத்தினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். என் அனுபவத்தில், அழகான கொள்கை ஆவணங்களை அடுக்கும் அமைப்புகள்கூட இந்த ஒரு கேள்விக்குத் தடுமாறுவதுண்டு.

அடுத்து, கிரெடிட்டுகளைப் பதிந்து வைக்கும் அந்த அமைப்பின் பதிவேட்டைத் திறந்து ஏதேனும் ஒரு கிரெடிட்டின் வரிசை எண்ணைப் பின்தொடருங்கள். எந்தத் திட்டம், எந்த ஆண்டின் உமிழ்வுக் குறைப்பு, பயன்படுத்தியாயிற்று என்று யாருக்காக எந்த நாளில் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்பதெல்லாம், கடவுச்சொல் கேட்காமல், எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஒரே கிரெடிட்டை இருவர் உரிமை கொண்டாடுவதைத் தடுப்பது இந்த வெளிப்படைத்தன்மையே. புகார்ப் பிரிவைப் பொறுத்தவரை ஒன்றே போதும்: திட்டத்துக்கு ஒப்புதல் தந்தவர் அதன் மீதான புகாரை விசாரிக்கக் கூடாது.

கிரெடிட்டுகளின் தரத்துக்கு அளவுகோல் வகுக்கும் அமைப்பான, தன்னார்வ கார்பன் சந்தைக்கான இன்டெக்ரிட்டி கவுன்சில் 2023இல் வெளியிட்ட 10 அடிப்படைக் கோட்பாடுகளில் நிர்வாகம், பதிவேட்டுக் கண்காணிப்பு, வெளிப்படைத்தன்மை, சுதந்திரமான தணிக்கை ஆகிய நான்கும் முதல் தொகுதியாக வருகின்றன. தரநிலை அமைப்பு அக்கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றிருந்தாலும், திட்டத்தின் உமிழ்வுக் குறைப்பைக் கணக்கிடும் முறையும் தனியே தேறினால்தான் கிரெடிட்டுக்கு அந்த முத்திரை கிடைக்கும். 2024 ஆகஸ்டில், புதுப்பிக்கத்தக்க மின்சாரத் திட்டங்களுக்கான 8 கணக்கீட்டு முறைகளை அக்கவுன்சில் ஏற்க மறுத்தது. கிரெடிட் வருமானம் இல்லாவிட்டாலும் அத்திட்டங்கள் நடந்திருக்குமா என்பதை அம்முறைகள் போதிய கடுமையுடன் சோதிக்கவில்லை என்பதே காரணம்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், கிரெடிட்டுகள் மிகையாக வெளியிடப்பட்டது பின்னர் தெரியவந்தால் அந்த இழப்பை யார், எத்தனை நாட்களுக்குள், எதிலிருந்து ஈடுகட்டுவார்கள் என்ற விதியைத் தரநிலை ஆவணத்தில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால், மாற்றுக் கிரெடிட் தரும் பொறுப்பை விற்பவர் ஏற்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.