வழித்துணை: வேனில் கழியும் மார்கழி

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது. போடியிலிருந்து போர்வை, பெட்ஷீட், நைட்டி எடுத்துவந்து மூணாறு எஸ்டேட் லயங்களில் தவணைக்கு விற்கிறேன். தேவிகுளத்தில் இருந்த அறைக்கு மூன்று மாத வாடகை பாக்கி, காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சீசன் நேரம், வேறு அறை கேட்டால் வாயில் வந்த வாடகையைச் சொல்கிறார்கள். ஒரு மாதமாக என் ஆம்னி வேனில்தான் படுக்கிறேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பல் கிட்டுகிறது. சின்னச் சட்டியில் கரிக்கங்கு வைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் படுக்கலாமா? இல்லை, இன்ஜினை ஓடவிடலாமா? தெரிந்தவர் ஒருவர் பத்து வட்டிக்கு 15,000 ரூபாய் தருகிறேன் என்கிறார், வாங்கி அறை பிடித்துவிடட்டுமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போர்வை பார்சலைப் பிரித்தால் விலை போகாது என்று அதையும் தொடவில்லை.
(பெயர் வேண்டாம், மூணாறு)

பதில்: தம்பி, முதலில் அந்தக் கரிச்சட்டி. வேண்டவே வேண்டாம். கண்ணாடியை இறக்கினாலும் வேண்டாம். புகை அடங்கிச் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கும் கங்கைப் பார்த்தால் ஆபத்து போய்விட்டதென்று தோன்றும், ஆனால் அதிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். லேசாகத் தலை வலிக்கும், குமட்டும், உடம்பு அசதியாக இருக்கும், குளிர் அசதிதான் என்று நினைத்துக் கண்ணை மூடுவீர்கள், அதற்குமேல் எழுந்து கதவைத் திறக்கக் கைகால் வராது. இன்ஜினும் அப்படித்தான். ஆம்னிக்கு இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, பழைய வண்டியில் சைலன்சர் பைப்பில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பெட்ரோல் செலவு வேறு.

சரி, குளிருக்கு என்ன செய்வது? என் அப்பா கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். மலையில் தங்க நேர்ந்தால் சாக்குகளைத் தேடுவாரே தவிர போர்வையைத் தேட மாட்டார். மேலே ஒன்று போட்டால் கீழே ரெண்டு போடணும் என்பார். வேனின் தகரத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நீங்கள் மேலே எத்தனை போர்த்தினாலும் முதுகு வழியாகப் போய்விடும். உங்கள் சரக்கு வருகிற அட்டைப்பெட்டிகளைப் பிரித்து நான்கைந்து அடுக்காகத் தரையில் விரியுங்கள், அதன்மேல் சாக்கு, அதன்மேல் ஒரு போர்வை. கண்ணாடிகளுக்கும் அளவாக அட்டை வெட்டிச் செருகுங்கள்.

அப்புறம் அந்தப் பார்சல். இன்றைக்கே பிரியுங்கள். நல்ல கனமான போர்வையாக இரண்டு எடுத்து, சிட்டையில் உங்கள் பெயரையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றவர்களைப் போல நீங்களும் தவணையில் கட்டுங்கள். ஊருக்கெல்லாம் போர்வை கொடுக்கிற மனிதர் கட்டுப் பிரிக்காத போர்வைகளுக்குப் பக்கத்திலேயே நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறார் என்பதைப் படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

கண்ணாடியை முழுக்க மூடவும் கூடாது. மூச்சுக்காற்றில் வருகிற ஈரம் உள்ளே வழிந்து போர்வையை நனைக்கும், நனைந்த போர்வை குளிரைத் தாங்காது. எதிரெதிர் கண்ணாடிகளில் விரல் அகலம் திறந்து வையுங்கள். ஈரத் துணியை உள்ளே காயப்போடாதீர்கள். இரவு டீக்கடை சாத்துவதற்குள் ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் வாங்கி, பழைய சாக்ஸுக்குள் நுழைத்துத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டால் முதல் தூக்கம் நன்றாக வரும். வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள். குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால் சூடாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள், தோலுக்குத்தான் அந்தச் சூடு, உள்ளே இருக்கிற சூடு வெளியேறிவிடும்.

இவ்வளவும் செய்தாலும் மூணாறிலேயே எல்லா இரவும் படுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த காற்று கனம், பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். அதனால் ஆற்றோரப் பள்ளத்தில் வண்டியை விடாதீர்கள். மறையூர் 40 கிலோமீட்டர்தான், மூணாறைவிடச் சுமார் 500 மீட்டர் தாழ்வு, மூன்று டிகிரியாவது வித்தியாசம் தெரியும். எஸ்டேட்டில் சம்பளம் போடுகிற நாட்களில் மட்டும் மேலே வசூலுக்கு வாருங்கள், மற்ற நாட்களில் மறையூரைச் சுற்றி வியாபாரம் பார்த்து அங்கேயே படுங்கள். எங்கே நிறுத்தினாலும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாக, கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். வண்டிக்குள் பழம், காய்கறி வேண்டாம். படையப்பா என்று பெயர் வைத்து நாம் கூப்பிடுகிற கொம்பன் யானை ராத்திரியில் கடைகளையே உடைத்துச் சாப்பிடுகிறது, வேன் எம்மாத்திரம்.

பத்து வட்டி என்றால் 15,000 ரூபாய்க்கு மாதம் 1,500 ரூபாய் வட்டி மட்டும். பத்து மாதத்தில் வாங்கிய அளவு வட்டியே கட்டியிருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். மூன்று மாத வாடகை கட்ட முடியாதவர் வாடகையோடு இதையும் எங்கிருந்து கட்டுவீர்கள்? கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தும் கேரளத்தில் 2012-லிருந்தும் சட்டம் இருக்கிறது, ஆனால் கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு நிற்கிறவனுக்குச் சட்டம் வந்து சேர நாளாகும். பிப்ரவரி வரை தள்ளிவிடுங்கள். சிட்டையில் நிற்கிற பாக்கியில் பாதி வசூலானாலே அறைக்கு அட்வான்ஸ் ஆகிவிடும்.

வீட்டில் இன்றைக்கு ராத்திரியே போன் போட்டுச் சொல்லுங்கள். எங்கே வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று தினமும் ஒருவருக்காவது தெரிய வேண்டும். காலையில் போன் எடுக்காவிட்டால் தேடி வர ஒரு ஆள் வேண்டுமில்லையா?

கேள்வி: எங்களுடையது தமிழ்நாட்டு ரேஷன் கார்டு. குமுளியில் கூலி வேலை. இங்கே அரிசி வாங்கலாமா?
(ஒரு வாசகி, குமுளி)

பதில்: கார்டில் பி.எச்.எச். அல்லது ஏ.ஏ.ஒய். என்று இருந்தால் வாங்கலாம். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் கைரேகை வைத்தால் மத்திய அரசு ஒதுக்குகிற தானியம் மட்டும் கிடைக்கும். தமிழ்நாட்டில் தருகிற பருப்பு, பாமாயில் இங்கே வராது. என்.பி.எச்.எச். என்று இருந்தால் அரிசியும் கிடையாது, கம்பத்துக்கு இறங்கித்தான் வாங்க வேண்டும்.