வளைவு வருமுன் சட்டை மாற்றுகிறேன்

கேள்வி: வணக்கம் அம்மா. பாவூர்சத்திரத்தில் காய்கறி லோடு ஏற்றி, புளியரை வழியாகப் புனலூர், கொட்டாரக்கரை போகும் லாரி டிரைவர் நான். கல்யாணமாகி பதினாலு வருஷம், இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரி தங்கமானவள். ஆரியங்காவு தாண்டி ஒரு டீக்கடை. கல்லாவில் ஒரு மலையாளப் பெண். கணவர் கல்ஃபில். இரண்டு வார்த்தை சிரித்துப் பேசுவாள், அவ்வளவுதான். போன் நம்பர்கூட வாங்கியதில்லை. ஆனால் புளியரை எஸ் வளைவுக்கு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டி, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொள்கிறேன். வீட்டில் கட்டித் தரும் புளிசாதத்தைக் கிளீனர் பையனிடம் கொடுத்துவிட்டு அங்கே புட்டும் கடலையும் சாப்பிடுகிறேன். ஆம்பளைக்கு ஒருத்தி போதும் என்று இயற்கை படைக்கவில்லை என்கிறார்கள் ஸ்டாண்டில். உண்மையா? நான் செய்வது தப்பா?
– பெயர் வேண்டாம், புளியரை

பதில்: தம்பி, முதலில் இயற்கையின் பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். பாலூட்டிகளில் ஜோடியாக வாழ்பவை நூற்றுக்குப் பத்துகூடத் தேறாது. பறவைகளில் தலைகீழ், பத்தில் ஒன்பது ஜோடிதான். கேரளத்தின் மாநிலப் பறவையான மலை இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஒரு கீறல் அளவு இடைவெளி வழியாக ஆண் வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் மரபணுப் பரிசோதனை வந்த பிறகு, ஜோடிப் பறவைகள் பலவற்றின் கூட்டில் வேறு அப்பன் குஞ்சுகளும் இருப்பது தெரியவந்தது. ஆக, மிருகங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லும். விட்டுவிடுங்கள். அச்சன்கோவில் சாஸ்தாவுக்கே பூரணை, புஷ்கலை என்று இரண்டு பேர் என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்!

மனிதர் கதை வேறு. உலகில் பெரும்பாலான சமூகங்கள் ஆணுக்குப் பல தாரம் ஆகலாம் என்று அனுமதித்தவைதாம். நம் சென்னை மாகாணத்திலேயே இந்துக்களின் இருதார மணத்தைத் தடுக்க 1949-ல்தான் சட்டம் வந்தது. ஆனால் அனுமதி இருந்த காலத்திலும் பெரும்பாலான ஆண்கள் ஒருத்தியோடுதான் வாழ்ந்தார்கள். ஸ்டாண்டில் இந்தப் பாதியை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது உங்கள் சட்டைக்கு வருகிறேன். அமெரிக்க உளவியலாளர்கள் டென்னிஸ் ஜான்சன், கேரில் ரஸ்பல்ட் இருவரும் 1989-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். துணையோடு உறுதியாக ஒட்டியிருப்பவர்களிடம் அழகான வேறொருவரைக் காட்டினால், அந்த ஆளுக்கு அவர்கள் குறைத்தே மதிப்பெண் போட்டார்கள். ஆள் எவ்வளவு கவர்ச்சியோ அவ்வளவுக்கு இது நடந்தது. மனசு தானாகவே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறது. உங்களுக்கும் இறங்கத்தான் செய்யும். நீங்கள்தான் ஒவ்வொரு லோடுக்கும் இறங்கித் தூக்கிவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஓர் உறவு நிலைப்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிப்பதாக ரஸ்பல்ட் சொன்னார்: அதில் கிடைக்கும் திருப்தி, இதுவரை அதில் போட்டது, வெளியே என்ன கிடைக்கும் என்ற நினைப்பு. உங்களுக்கு முதல் இரண்டிலும் குறையே இல்லை. தங்கமானவள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதுதான் ஊதிப்போயிருக்கிறது. ஊதாமல் என்ன செய்யும்? டீக்கடைப் பெண்ணை நீங்கள் பார்ப்பது பத்து நிமிஷம். அங்கே ஸ்கூல் ஃபீஸ் கிடையாது, மாமியார் மருந்துச் சீட்டு கிடையாது. வீட்டுக்காரியை நீங்கள் பார்ப்பது தூக்கம் போதாத கண்ணோடு.

இன்னொன்று, கேட்டால் கோபம் வரலாம். கல்லாவில் இருப்பவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வியாபாரம் ஓடுமா? அந்தச் சிரிப்பு பின்னால் வரும் வைக்கோல் லாரிக்காரருக்கும் உண்டு. புருஷன் ஊரில் இல்லாத பெண்ணைப் பற்றி நாலு பேர் பேசினால் யாருக்குச் சிரமம் என்பதையும் யோசியுங்கள்.

தப்பா என்றால், பார்த்தது தப்பில்லை. மனசில் ஒரு துள்ளல் வந்ததும் தப்பில்லை, நாற்பது வயதில் அது வராதவர் குறைவு. சட்டை மாற்றுவது தானாக வருவதில்லை. வண்டியை நிறுத்தி, பையைத் திறந்து, யோசித்துச் செய்கிறீர்கள். புளிசாதம் அதைவிடவும் மோசம். அதிகாலையில் எழுந்து கிண்டியவளை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

கொஞ்ச நாள் வேறு கடையில் நிறுத்துங்கள். அப்புறம், பிள்ளைகள் லீவில் ஒருநாள் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு அதே பாதையில் போய் வாருங்கள். பதிமூன்று கண் பாலம், தென்மலை அணை எல்லாம் பார்த்திருக்கிறாளா? சேர்ந்து புதிதாக எதையாவது செய்த தம்பதிகள், வழக்கமான வேலை செய்தவர்களைவிடத் தங்கள் உறவு பற்றி நிறைவாகச் சொன்னதை உளவியலாளர் ஆர்தர் ஆரான் குழு 2000-ல் காட்டியிருக்கிறது. திரும்பும்போது அந்தக் கடையிலேயே நிறுத்தி, "இது என் வீட்டுக்காரி" என்று சொல்லி மூன்று பேரும் டீ குடியுங்கள். ரகசியத்தின் ருசி அதோடு போய்விடும். நடக்காத ஒன்றை வீட்டில் போய் ஒப்புக்கொண்டு அவள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: காதல் மூன்று வருஷத்தில் வடிந்துவிடும் என்கிறார்களே?
– கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: வடிவது அந்தத் தூக்கமில்லாத கிறுக்கு. அதற்கு ஒன்றரை முதல் மூன்று வருஷம் என்று 1979-ல் கணக்குச் சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் டோரதி டென்னோவ். அதற்கு மேலும் அப்படியே இருந்தால் நீ டிகிரி முடிப்பது எப்படி?

கேள்வி: அக்கா, எனக்குச் செங்கோட்டை. புனலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். கணவர் கூடப் படித்த பெண்ணோடு இரவில் வாட்ஸ்அப்பில் பேசுகிறார். அவர் தூங்கியதும் போனை எடுத்துப் பார்க்கிறேன். தப்பாக எதுவும் இல்லை, ஆனாலும் மறுநாள் பார்க்கத் தோன்றுகிறது. போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: போலீசுக்கு இதில் வேலை இல்லை, தங்கச்சி. பிறன்மனைக் குற்றத்துக்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27-ல் ரத்து செய்துவிட்டது. வழக்குப் போட்டவர் இத்தாலியில் இருந்த ஒரு மலையாளி. பிரிவு இருந்த காலத்திலும் உங்களுக்கு அது உதவியிருக்காது. புகார் சொல்லும் உரிமை அந்தப் பெண்ணின் கணவருக்குத்தான், துரோகம் செய்தவரின் மனைவிக்குக் கிடையாது. உடலுறவு என்று நிரூபணமானால் விவாகரத்துக்கு இன்றும் அது காரணம்தான். உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகவில்லை.

போனைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் மறுநாளும் எடுக்க வைக்கிறது. ஒன்றும் இல்லை என்று எத்தனை தடவை பார்த்தாலும் போதாது. பகலில், அவர் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது, நேராகச் சொல்லுங்கள்: "ராத்திரி நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பேசும்போது எனக்குத் தனியாக இருப்பது மாதிரி இருக்கிறது." போனை எடுத்துப் பார்த்ததையும் மறைக்க வேண்டாம். அவர் கத்தினால், மறுத்தால், என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.