அரியலூர் கிளிஞ்சல் கல்லு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: அண்ணா, காரை கிராமத்து ஓடைல துப்பாக்கி தோட்டா மாதிரி ஒரு கல்லு கிடைச்சுது. வெள்ளைக்காரன் காலத்து குண்டா?

ப: குண்டு இல்ல தம்பி, பெலம்னைட். கணவாய்க்கு சொந்தக்கார பிராணி, உடம்புக்குள்ள வால் பக்கம் இருந்த கெட்டி பாகம் அது. உடைஞ்ச பக்கத்த பாருங்க, சைக்கிள் சக்கரத்து கம்பி மாதிரி நடுவுலேர்ந்து கோடு ஓடும். எங்க எடுத்தீங்கன்னு ஒரு துண்டு சீட்டுல எழுதி கூடவே வைங்க. ஃபாசில்னா கல்லுல பதிஞ்சு மிஞ்சுன பழைய உயிர், இடம் தெரியலன்னா அது வெறும் கல்லுதான்.

கே: எனக்கு கிடைச்ச நத்தைல ஓடே இல்ல, ஆனா பக்கத்துலயே சிப்பி ஓட்டோட இருக்கு. ஏன் சார்?

ப: இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். ரெண்டுமே சுண்ணாம்புதான், ஆனா நத்தை ஓடு பெரும்பாலும் அரகோனைட்ங்கற வகை, ஆளிச் சிப்பி ஓடு கால்சைட்ங்கற வகை, இதுல அரகோனைட் தண்ணில சீக்கிரம் கரைஞ்சிடும். செத்த நத்தைக்குள்ள சேறு புகுந்து இறுகி, அப்புறமா ஓடு கரைஞ்சு போச்சுன்னா உள் அச்சு மட்டும் மிஞ்சும், தட்டு போயி இட்லி நின்ன மாதிரி. அதான் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லுல, சிமெண்டுக்கு தோண்டுற குழி ஓரமா நின்னு பாத்தா, கிரிஃபியா சிப்பி அடுக்கடுக்கா ஓட்டோட கிடக்கும், ஏழு கோடி வருஷம் ஆகியும் வரி வரியா எண்ணலாம். இடத்த எழுதிட்டீங்களா?

கே: ரெண்டு ஓடு இருந்தாலே சிப்பியா?

ப: அவசரப்படாதீங்க. ஒரு ஓட்ட மட்டும் எடுத்து நடுவுல கோடு போடுங்க, இடமும் வலமும் ஒண்ணா இருந்தா பிராக்கியோபாட், அதாவது சிப்பி மாதிரியே ரெண்டு ஓடு இருக்கற வேற கடல் பிராணி, கோணலா இருந்தா சிப்பி. விசிறிச் சிப்பி மாதிரி சிலது ரெண்டு பக்கமும் ஒண்ணா தெரிஞ்சு ஏமாத்தும்.

கே: குன்னத்துல டைனோசர் முட்டை கிடைச்சுதாமே?

ப: இன்னிக்கு நாலாவது தடவை. 2020ல கிளம்புன புரளி. அம்மோனைட்னு சுருள் ஓட்டோட கடல்ல வாழ்ந்த கணவாய் இனத்து பிராணி, அத சுத்தி மண்ணு இறுகி உருண்டையான கல்லு அது.

கே: அப்போ சாளக்கிராமம்? சாமிய போய் நத்தைங்கறீங்களா?

ப: நத்தைன்னு நான் சொல்லவே இல்லையே. கண்டகி ஆத்துல வர்றதுல நிறைய அம்மோனைட்தான், நீங்க சக்கரம்னு கும்புடறது அதோட சுருள். எங்க வீட்டு பூஜைலயும் ஒண்ணு இருக்கு, தினம் பால் ஊத்தறோம். இமயமலை இருக்கற இடத்துல கடல் இருந்துச்சுன்னு அந்தக் கல்லே சொல்லுது, இதுல சாமிக்கு என்ன குறைச்சல்?

கே: அம்மோனைட்டும் சுருள் ஓட்டு நாட்டிலஸும் ஒண்ணுதானே, அது இன்னும் கடல்ல உயிரோட இருக்கே?

ப: இல்ல. உள்ளறைச் சுவர் ஓட்ட தொடற கோட்ட பாருங்க. நாட்டிலஸ்ல லேசா வளையும், அம்மோனைட்ல சிக்குக்கோலம் மாதிரி நெளிஞ்சு ஓடும். நாட்டிலஸ் இருக்கு, அம்மோனைட் பூண்டோட போயிடுச்சு.

கே: வினிகர்ல ஊறப்போட்டு கழுவலாமா?

ப: ஐயோ வேணாம், ஓடே சுண்ணாம்பு. நான் ஒண்ண ராத்திரி ஊறப்போட்டு காலைல பாத்தா வரியெல்லாம் போயி மொழுமொழுன்னு நின்னுச்சு. பழைய டூத் பிரஷ்ஷும் தண்ணியும் போதும்.

கே: சார் போட்டோ அனுப்பிருக்கேன், முட்டையா?

ப: இல்ல. எங்க எடுத்தது?