லஞ்ச வழக்குகளைப் படிக்க விரும்பும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் சட்டப் படிப்பின் நான்காம் ஆண்டில் இருக்கிறாள். பன்னாட்டு முதலீட்டு வழக்குகளில் வாதாட வேண்டும் என்கிறாள். "லஞ்சம் கொடுத்த கம்பெனிக்கும் வாங்கிய அரசுக்கும் வக்காலத்து வாங்குவதா ஒரு பிழைப்பு?" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு நாட்டில் பணம் போட்ட வெளிநாட்டு நிறுவனம், ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்தால், அந்த அரசு தனக்கு அநீதி செய்துவிட்டது என்று நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பெரும்பாலும் மூன்று நடுவர்கள் இருப்பார்கள். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த இக்சிட் அமைப்பில் இத்தகைய வழக்குகள் நிறைய நடக்கின்றன.

அங்கே நடந்த கென்யா வழக்கை உங்கள் மகள் உங்களுக்குச் சொல்லட்டும். நைரோபி, மொம்பாசா விமான நிலையங்களில் தீர்வையில்லாக் கடைகள் நடத்த 1989-இல் ஒரு தொழிலதிபர் உரிமம் பெற்றார். பின்னாளில் அரசு தன் தொழிலைப் பறித்துவிட்டது என்று அவருடைய கம்பெனி வழக்குப் போட்டது. உரிமத்துக்காக அன்றைய அதிபர் டேனியல் அரப் மோய்க்கு 20 லட்சம் டாலர் கொடுத்ததாக அவரே தம் வாக்குமூலத்தில் எழுதினார். அதில் ஒரு பகுதி ரொக்கமாகப் பெட்டியில் போனது. பெட்டி திரும்பி வந்தபோது உள்ளே மக்காச்சோளம் இருந்ததாம். கொடுத்த பணம் அந்த ஊர் வழக்கப்படியான நன்கொடை என்பது அவர் வாதம். 2006-இல் மன்றம் அதை ஏற்கவில்லை. லஞ்சம் ஏறக்குறைய எல்லா நாடுகளின் பொதுக் கொள்கைக்கும் எதிரானது, அதனால் பெற்ற ஒப்பந்தத்தை வைத்து வழக்காட முடியாது என்று தள்ளியது.

சரிதானே என்று தோன்றும். ஆனால் வாங்கியவர் அதிபர். அவர் வாங்கியதையே கேடயமாக்கித் தப்பித்தது அவருடைய நாடு. அவர்மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. இது மனத்தை உறுத்துகிறது என்று நடுவர்களே தீர்ப்பில் எழுதினார்கள். கொடுத்தவன் மட்டும் தோற்பது பாதி நீதிதான் என்பது என் உறுதியான எண்ணம். மீதிப் பாதிக்கு வழி தேடுவதே இந்தத் துறையில் இன்று நடக்கும் பெரிய விவாதம். உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக ஓர் இஸ்ரேல் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2013-இல் ஒரு சிறிய அடி எடுத்துவைத்தார்கள். ஆலோசகர்களுக்கு ஏறக்குறைய 40 லட்சம் டாலர் போயிருந்தது. அவர்களில் ஒருவர் பிரதமரின் சகோதரர். என்ன வேலை செய்தார்கள் என்பதற்கு உருப்படியான காகிதம் இல்லை. வழக்கு தள்ளுபடியானது, ஆனால் அரசுக்கும் இதில் பங்குண்டு என்று சொல்லி, மன்றச் செலவை இருவர் தலையிலும் சமமாகப் போட்டார்கள்.

லஞ்சத்துக்கு யாரும் ரசீது தருவதில்லை. 2009-இல் முடிந்த ருமேனியா வழக்கில், லஞ்சம் கேட்டார்கள் என்று முதலீட்டாளரே குற்றம் சாட்டினார். தெளிவான, நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று மன்றம் மறுத்துவிட்டது. நைஜீரியாவின் எரிவாயு ஒப்பந்தத்தை வைத்து ஒரு நிறுவனம் அந்த நாட்டின்மீது தொடுத்தது முதலீட்டு வழக்கல்ல, வணிக வழக்குதான், ஆனால் பாடம் ஒன்றே. நடுவர்கள் விதித்த தொகை வட்டியோடு 1,100 கோடி டாலராக வளர்ந்த பிறகு, லஞ்சமும் பொய்ச் சாட்சியமும் வெளிவந்து, அந்த நடுவர் தீர்ப்பு மோசடியால் பெறப்பட்டது என்று 2023-இல் லண்டன் நீதிமன்றம் கண்டது. வங்கிக் கணக்கைப் பொறுமையாகப் புரட்டிய கண்கள் இல்லாவிட்டால் ஓர் ஏழை நாடு அந்தப் பணத்தைக் கட்டியிருக்கும். அம்மா, அந்தக் கண்கள் வேண்டிய வேலை இது. உங்கள் மகள் அரசின் பக்கம் நின்றாலும் நிறுவனத்தின் பக்கம் நின்றாலும் இதுதான் வேலை.

ஆகவே இப்போதே கணக்குப்பதிவியல் கற்கட்டும். சட்ட மாணவர்கள் அதை ஒதுக்குவது பெரும் தவறு. இக்சிட்டின் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். பின்னிரண்டில் ஒன்றைத் தொடங்கட்டும். இந்தியா இக்சிட் ஒப்பந்தத்தில் சேரவில்லை என்றாலும் வேறு விதிகளின்கீழ் இந்திய அரசுமீது வழக்குகள் வந்திருக்கின்றன. ஊழலால் செய்த முதலீட்டுக்கு வழக்குரிமை இல்லை என்று பிற நாடுகளோடு முதலீட்டு ஒப்பந்தம் பேச இந்தியா வகுத்த மாதிரி வரைவே சொல்கிறது. அதையும் படிக்கட்டும்.

வேலையிடங்கள் குறைவு. இதை மறைக்க மாட்டேன். பட்டம் முடிந்ததும் கடன் வாங்கி வெளிநாட்டு மேற்படிப்புக்கு அனுப்பிவிடாதீர்கள். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் நடுவர் வழக்குகளைக் கையாளும் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் கோப்புகளோடு உட்காரட்டும். அதன் பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால், ஜெனீவாவா சிங்கப்பூரா என்று மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.