நாள்பட்ட புண்களுக்குக் கிருமியைக் கொல்லும் புதிய கட்டுத்துணி உருவாக்குவது ஏன் இவ்வளவு கடினம்?

சோதனைக்கூடத் தட்டில் கிருமியைக் கொல்வது சுலபம். சிக்கல் புண்ணுக்குள்தான். ஆறாத புண்ணில் கிருமிகள் பெரும்பாலும் தனித்தனியாகத் திரிவதில்லை. தாங்களே சுரந்த வழுவழுப்பான படலத்துக்குள் கூட்டமாக ஒட்டிக் கிடக்கின்றன. இதைத்தான் பயோஃபிலிம் என்கிறார்கள். மருந்து அதற்குள் எளிதில் இறங்காது.

வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அயனிகள் நல்ல கிருமிக்கொல்லிகள். ஆனால் புண்ணில் ஊறும் நீரில் குளோரைடும் புரதமும் நிறைய உண்டு. அயனிகளில் பெரும்பங்கு அவற்றோடு சேர்ந்து வீணாகிவிடும். சரி, அளவைக் கூட்டலாமே என்றால், புதுத் தோலை வளர்க்கும் நம் செல்களே அடிவாங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு கேடெக்ஸோமர் அயோடின். மாவுச்சத்திலிருந்து செய்த நுண்மணிகள் புண்நீரை உறிஞ்சி வீங்க வீங்க, அயோடினைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. பழுப்பு நிறம் வெளுத்துப்போனால் கட்டை மாற்ற வேண்டும் என்று பார்த்ததுமே தெரியும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கிருமியைக் கொல்லாமல் தன் மேல் ஒட்டவைத்து, கட்டு மாற்றும்போது அகற்றும் துணிகளும் உண்டு.

அப்புறம், கிருமி குறைவதும் புண் ஆறுவதும் ஒன்றல்ல. நீரிழிவுப் பாதப் புண்களுக்கான சர்வதேசப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டி, புண் ஆற வேண்டும் என்பதற்காக மட்டும் கிருமிக்கொல்லிக் கட்டுகளைப் போட வேண்டாம் என்கிறது. பாதத்தின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைப்பது, இறந்த சதையை நீக்குவது, ரத்த ஓட்டத்தைச் சரிபார்ப்பது ஆகியவை இல்லாமல் எந்தத் துணியும் தனியாக ஆற்றாது.