வெனிஸ்: மூட்டு வலி உள்ள அம்மாவோடு எங்கே தங்குவது?

அம்மாவுக்கு முழங்கால் வலி, கையில் இரண்டு பெரிய பெட்டி, வெனிஸ் தீவுக்கு வெளியே கரைப்பக்கம் இருக்கும் மெஸ்த்ரேயில் ரூம் மலிவு, அங்கேயே தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டே இரவுதானே, வேண்டாம். ரயிலில் பத்து நிமிடம்தான் என்றாலும், மதியம் அம்மா சற்றுப் படுக்க நினைத்தால் அலைச்சல். தீவுக்குள்ளேயே பாருங்கள்.

ஊரின் பிரதான சதுக்கமான சான் மார்க்கோ எவ்வளவு தூரம் என்று பார்க்காதீர்கள். வாப்பரெட்டோ, அதாவது அந்த ஊர்ப் படகு பஸ், நிற்கும் துறையிலிருந்து ஹோட்டல் வாசல்வரை எத்தனை பாலம் என்று எழுதிக் கேளுங்கள். ஒன்றுமில்லை என்று பதில் வந்தால் கூடுதல் வாடகை கொடுத்தாவது போட்டுவிடுங்கள். அங்கே 400க்கும் மேல் பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டு வைத்தவை. மேப்பில் 200 மீட்டர் என்று காட்டும். பெட்டியைத் தூக்கி இரண்டு முறை ஏறி இறங்கும்போதுதான் தெரியும்.

தீவில் ரயில் வந்து நிற்கும் சாந்தா லூசியா ஸ்டேஷனுக்கு எதிரிலேயே படகுத்துறை. 1ஆம் எண் படகு பெரிய கால்வாய் முழுக்க நின்று நின்று போகும். அம்மாவுக்கு உட்கார்ந்தபடியே ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு. 75 நிமிட டிக்கெட்டே 9.50 யூரோ, அதனால் 48 மணி நேர பாஸ் எடுங்கள். ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் மெஷினில் காட்டவேண்டும், இல்லையென்றால் அபராதம்.

அப்புறம், கால்வாயைக் குறுக்கே கடக்கும் ட்ரகெட்டோ மலிவுதான். ஆனால் ஆடுகிற படகில் ஏறி இறங்குவது அம்மாவுக்குச் சரிப்படாது.